உன் பேரில் நாங்கள் கட்டிய கடன்

தம்பி,

போன வியாழக்கிழமை பத்திர ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "இப்ப சந்தோஷமாம்மா உங்களுக்கு?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய். பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் நின்றிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த அடுத்த வீட்டுக்காரரும் நின்றிருந்தார். இரண்டு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். உன் அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துப் பத்திரச் செலவின் பாக்கியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டை நீ எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்ததற்கான செலவையும் அவர்தான் ஏற்றுக்கொண்டார். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ கோபத்தில் கேட்டதுதான், பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. ஆனாலும் எனக்குச் சொல்ல இருக்கிறது. போனில் ஆரம்பித்தால், "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைத் தனியாக வைத்துப் படி என்று நான் சொல்லமாட்டேன். உன் மனைவி சுகன்யாவும் படிக்கட்டும். உன்னிடம் மட்டும் சொல்லி அந்தப் பெண்ணிடம் மறைக்க வேண்டியது என்று இனி என்னிடம் எதுவும் இல்லை.

கடன் எப்படி உன் பெயரில் வந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அதை வேறு மாதிரி சொல்லிச் சொல்லி, உனக்கே அது வேறு மாதிரி ஆகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. குன்னம் பக்கம் அப்பாவின் பங்காக வந்த மக்காச்சோளக் காட்டை விற்றுத்தான் பெரம்பலூரில் துறையூர் ரோட்டுப் பக்கம் மனை வாங்கினோம். வீடு கட்ட பேங்குக்குப் போனோம். அப்பா அரியலூர் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. நான் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் கிடையாது. நீ அப்போதுதான் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். "பையன் பேர்ல மனையை மாத்திட்டு வாங்க, கடன் ஈஸியா கெடைக்கும்" என்றார்கள். மாற்றினோம். மனையை நம் பிள்ளை பேருக்குத்தானே எழுதுகிறோம் என்று அன்றைக்கு எனக்கு உள்ளூரப் பெருமைதான். திரும்பி வரும்போது மூவரும் கரும்புச்சாறு குடித்தோம். நீ இரண்டு டம்ளர் குடித்தாய்.

முதல் வருடம் தவணையை நீதான் கட்டினாய். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை, யார் கேட்டாலும் சொல்வேன். பிறகு வீட்டு வாடகை ஏறிவிட்டது, பைக் வாங்க வேண்டும், சிநேகிதர்களோடு தங்க முடியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். அப்பா, "நாம பாத்துக்கலாம், அவன் புள்ள, மூச்சு வுடட்டும்" என்றார். அன்றிலிருந்து உன் கணக்கில் நாங்கள் பணம் போட, பேங்கு அதைத் தவணைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டுக் கடன் கட்டுகிறேன் என்று வருமான வரியில் நீ கழிவு வாங்கிக்கொண்டாய். அந்த மிச்சமாவது உனக்கு இருக்கட்டும் என்று நினைத்தோம்.

பதினைந்து வருடக் கடனை ஒன்பது வருடத்தில் முடித்தது எப்படி என்று உன் மாமனார் உன்னைக் கேட்டபோது, "பிளான் பண்ணி கட்டினேன் மாமா" என்றாய். அந்தப் பிளானை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பேங்கில் கடன் பிரிவில் இருந்த ஒரு பெண். ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்தது. மாசா மாசம் இவ்வளவு கட்டுகிறோமே, கடன் குறைந்த மாதிரியே தெரியவில்லையே என்று அவளிடம் கேட்டேன். "ஆரம்பத்துல நீங்க கட்டுறதுல முக்காவாசி வட்டிக்கே போயிடும்க்கா. தவணைக்கு மேல கையில என்ன கெடைச்சாலும் கொண்டாந்து அசல்ல கட்டுங்க. கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல. கட்டிட்டு, தவணையைக் குறைக்காதீங்க, வருஷத்தைக் குறைங்கன்னு சொல்லுங்க. வட்டி ஏறினா வருஷத்த நீட்டிடுவாங்க, அதையும் அப்பப்ப வந்து கேட்டுக்குங்க" என்றாள். அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். மாவு வியாபாரத்தில் கல்யாண சீசனில் வருகிற கூடுதல் பணம் அசலுக்கு. சின்ன வெங்காயம் வருகிற காலத்தில் மண்டியில் வெங்காயத்தின் தாளை அறுக்கிற வேலைக்குப் போவேன், அந்தக் கூலி அசலுக்கு. தீபாவளிக்கு அப்பாவின் முதலாளி கொடுப்பது அசலுக்கு. வீட்டின் பின்பக்கச் சுவரைப் பூச வைத்திருந்த பணமும் அப்படியே போனது. சுவர் இன்னும் செங்கல்லாகத்தான் நிற்கிறது, நீ பார்த்திருக்கிறாய்.

அப்பாவுக்கு லாரியில் தினமும் சாப்பாட்டுக்கென்று பேட்டா உண்டு. மற்ற டிரைவர்கள் ஓட்டலில் நிறுத்திப் பரோட்டா சாப்பிடுவார்கள். அப்பா அந்தப் பேட்டாவைத் தொடுவதில்லை. காலையில் நான் கட்டிக் கொடுக்கிற சோற்றை, எல்லோரும் ஓட்டலுக்குள் போன பிறகு லாரி கேபினுக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால் அவர்கள் வற்புறுத்தி அழைப்பார்கள், தினமும் மறுத்தால் கஞ்சன் என்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வாராம். ஒரு லீவில் நீ வந்திருந்தபோது, ஒருநாள் அவரோடு லாரியில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாய். வந்து என்னிடம், "பாவம்மா அப்பா" என்று சொல்லிக் கண்கலங்கினாய். என் பிள்ளைக்குத் தெரிகிறது, அது போதும் என்று நான் அன்றைக்கு நினைத்தேன்.

இடையில் அப்பா லாரியிலிருந்து இறங்கும்போது வழுக்கிக் கால் முறிந்தது. கையில் இருந்ததையெல்லாம் அசலில் போட்டுவிட்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கட்ட எதுவும் இல்லை. என் வளையலை அடகு வைத்தோம். கடன் சீக்கிரம் முடிய வேண்டும் என்று வீட்டைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது, இரண்டு மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைக் கட்ட வேண்டும் என்று அப்போது தெரிந்தது. அந்த மாதங்களில் நீ கொஞ்சம் பணம் அனுப்பினாய். வளையலை மீட்டதும் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டாய், கொடுத்துவிட்டோம்.

கடன் முடிந்த அன்று நீ வந்திருந்தாய். கையெழுத்துப் போட வேண்டியவன் நீ என்பதால் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் அப்பாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அசலில் கட்டச் சொன்ன அந்தப் பெண் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தாள். அவளுக்குச் சொல்ல முடியவில்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது. நீ பத்திரக் கவரோடு வெளியே வந்தாய். அப்பா கை நீட்டினார். "சென்னையில லாக்கர் இருக்குப்பா, அங்க வச்சிடுறேன், இங்க எலி கடிச்சிடும்" என்று பையில் வைத்துக்கொண்டாய். அப்பா நீட்டிய கையால் உன் தோளைத் தட்டினார். நான் வீட்டுக்கு வந்து கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அரியலூரில் சுகன்யாவைப் பெண் பார்க்கப் போனோம். உன் மாமனார் எங்களைப் பார்த்து, "இந்த வயசுல தனியாளா வூட்டுக் கடனை அடைச்ச புள்ளைய நான் பாத்ததில்லைங்க. நீங்க குடுத்து வச்சவங்க" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பொண்ணு வூட்டுல கெத்தா இருக்கணும்னு சொல்லியிருப்பான், வுடு" என்றார். விட்டுவிட்டேன். கல்யாணம் நன்றாக நடந்தது. சுகன்யா எனக்குப் பெண் மாதிரிதான் இருந்தாள். அவளிடம் பேசும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன், உன் மரியாதைக்காக.

இரண்டு மாதம் முன்பு, காலையில் கடைகளுக்கு மாவு போட்டுவிட்டு வந்து வாசலில் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் டேப், இன்னொருவர் கையில் போன். சுவரை அளந்தார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "பூசலையே, வேல்யூ கொறையும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். நான் யாரென்று கேட்டேன். "பேங்க் லோனுக்கு வேல்யுவேஷன் எடுக்க வந்திருக்கோம். ஓனர் சென்னையில இருந்து அப்ளை பண்ணிருக்காரு. நீங்க இங்க வாடகைக்கு இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நான் அவரோட அம்மாங்க" என்றேன்.

"ஓ, சரிங்கம்மா. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? போட்டோவுல விழுறீங்க."

நான் தள்ளி நின்றேன், தம்பி. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ஈரக் கையோடு, ஒரு வார்த்தை பேசாமல், வேலி ஓரம் போய் நின்றுகொண்டேன். அவர் பாவம், மரியாதையாகத்தான் சொன்னார். போட்டோ எடுத்துவிட்டு, "தேங்ஸ்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அவர்கள் போனதும் உனக்குப் போன் செய்தேன். நீ மூன்றாவது தடவைதான் எடுத்தாய்.

"ஆமாம்மா, சொல்லணும்னுதான் இருந்தேன். ஃபிளாட் ஒண்ணு புக் பண்ணிருக்கோம். நம்ம வூட்டு மேல கொஞ்சம் கடன் எடுத்தா முன்பணத்துக்குச் சரியாப்போயிடும். தவணைய நான்தானே கட்டப்போறேன், நீங்க எதுக்கு பயப்படுறீங்க?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"என் பேர்ல இருக்கிற வூடுதானேம்மா."

இதைச் சொன்ன பிறகு உனக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும்.  உடனே மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாள் லாரிக்குப் போகவில்லை. கால் முறிந்து படுத்திருந்த மாதங்களுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போகாமல் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் சுகன்யா அரியலூருக்கு ரயிலில் வந்து, அம்மா வீட்டில் பையை வைத்துவிட்டு, பஸ் ஏறி இங்கே வந்தாள். உன்னிடம் சொல்லாமல்தான் வந்தாள். "அத்தை, நானும் சேர்ந்து கையெழுத்துப் போடணுமாம். உங்களுக்கும் மாமாவுக்கும் முழுச் சம்மதம்னு அவரு சொன்னாரு. ஆனா போன்ல பேசினா உங்க குரலே சரியில்ல. நேர்ல கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன்" என்றாள்.

"அளக்க ஆளு வந்தப்புறந்தாம்மா எங்களுக்கே தெரியும்" என்றார் அப்பா.

அவள் திகைத்துப் போனாள். உன்னை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை அவளுக்கு. "சொல்லாம செஞ்சது தப்புதான் மாமா. ஆனா அவரு ஒத்தையா கஷ்டப்பட்டு அடைச்ச வூடு. கேண்டீன்ல சாப்பிட்டா செலவுன்னு, டப்பாவுல தயிர்சாதம் எடுத்துட்டுப் போயி, எல்லாரும் சாப்பிடப் போனதுக்கு அப்புறம் மாடிப்படிக்குக் கீழ கதவைச் சாத்திட்டு ஒளிஞ்சு உக்காந்து சாப்பிட்டாராம். அதைச் சொல்றப்ப அவரு அழுதுட்டாரு மாமா. எனக்கும் அழுகை வந்துடுச்சு. அதனாலதான் நானும் அவருக்கு உரிமை இருக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. கோபமே இல்லாமல், ஏதோ சாதாரண விஷயத்தைத் திருத்துகிற மாதிரி சொன்னார்: "தயிர்சாதம் இல்லம்மா. புளிச்சோறு. தயிர் அந்த வெயிலுக்குப் புளிச்சுப் போயிடும்."

சுகன்யா கெட்டிக்காரி. அதற்கு மேல் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.  எழுந்து அடுப்படிக்கு வந்து, "முதல்ல இருந்து சொல்லுங்க அத்தை" என்றாள். சொன்னேன். நீ முதல் வருடம் கட்டியதையும் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கிளம்பும்போது அவள், "வூடு உங்க பேருக்கு வர்ற வரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாள். அப்படிச் செய் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "அவகிட்ட ஏம்மா சொன்னீங்க? என் மானத்த வாங்கிட்டீங்க" என்று கத்தினாய். கடன் வாங்கப் பார்த்தது தெரிந்துவிட்டதே என்ற வருத்தம் அதில் இல்லை. எங்களிடம் சொல்லாமல் செய்தேனே என்பதும் இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதே என்பது ஒன்றுதான் உன்னைச் சுட்டது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உன் முன்னால் வந்து நின்றார். உன்னை அடிப்பாரோ என்று நான் பயந்தேன். உன்னை அவர் ஒருநாளும் அடித்ததில்லை.

"வூட்டை எடுத்துக்கடா. அது உனக்குத்தானே கட்டுனோம். நான் லாரியில தனியா உக்காந்து தின்னது... அதை எதுக்குடா எடுத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

நீ போட்டிருந்த செருப்போடு அப்படியே திரும்பிப் போய்விட்டாய்.  பத்து நாள் கழித்து, வீட்டை எழுதித் தரப் பதிவுக்கு வருகிறேன் என்று சுகன்யா மூலம் தகவல் அனுப்பினாய். பதிவன்று எங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாய், ரேகை வைத்தாய், அந்தக் கேள்வியைக் கேட்டாய், போய்விட்டாய்.

சந்தோஷமில்லை, தம்பி. வீடு எங்கள் பெயருக்கு வந்துவிட்டது. யாரோ அயலாரிடமிருந்து வாங்கின மாதிரி இருக்கிறது. ஒன்பது வருடம் கடனோடு இருந்தோம். அப்போது வீட்டுக்குள் நுழையும்போது இருந்த நிம்மதி, கடனில்லாத இந்த வீட்டில் இப்போது இல்லை. நீ கேட்டிருந்தால் அப்பாவே பேங்குக்குக் கூட்டிப் போய் எங்கே கையெழுத்து என்று கேட்டிருப்பார், நானும் மறுபடி வெங்காயம் அறுக்கப் போயிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டால், கட்டியது நாங்கள்தான் என்பதை ஒரு நிமிடமாவது நீ ஒப்புக்கொள்ள வேண்டி வரும். அதற்காகத்தான் நீ கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தவறு என்றால் சொல்.

உங்கள் ஃபிளாட் விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்று சுகன்யா சொன்னாள். வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இரண்டு பேர் சம்பளமும் தவணைக்குப் போகப்போகிறது என்றால் இரண்டு பேர் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். இதை நான் சுகன்யாவுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை. உன் சம்பளம் எவ்வளவு என்று அவளுக்குச் சரியாகச் சொல். அவளுடையதை நீ கேட்டுத் தெரிந்துகொள். இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போனாலும் தவணை கட்ட முடிகிற அளவுக்குத்தான் கடன் வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் கிடைக்கிறதை எல்லாம் அசலில் கட்டுங்கள், முதல் சில வருடங்களில்தான் அதற்குப் பலன் அதிகம். அவள் நகையை விற்றுக் கட்ட நேர்ந்தால், நகையை விற்றுத்தான் கட்டினோம் என்று அவள் வீட்டிலும் நம் வீட்டிலும் வாய் திறந்து சொல். யார் எதை விட்டுக்கொடுத்தார்களோ அது அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். பிற்பாடு உனக்கொரு பிள்ளை பிறந்து அது கேட்கும்போதும் அப்படியே சொல்.

அப்பா வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். எங்கள் காலத்துக்குப் பிறகு வீடு யாருக்கு என்று நாங்கள் எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதலாமா என்று நான் கேட்டேன், இப்போது வேண்டாம் என்றார். உன் மேல் கோபமா என்று கேட்டால் இல்லை என்கிறார். உன் போன் வந்தால் மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். நீயாக ஒருநாள் அவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அதை நான் செய்து தர முடியாது.

பொங்கலுக்கு வருவீர்களா என்று தெருவில் கேட்கிறார்கள். வாருங்கள். இது நாள் வரை, இந்த நேரத்துக்கு வருகிறேன் என்று நீ ஒரு தடவையும் சொன்னதில்லை. திடீரென்று வந்து கதவைத் தள்ளிக்கொண்டு நேராக அடுப்படிக்குத்தான் வருவாய். எனக்கு அது பிடிக்கும். உனக்குச் சோறு எப்போதும் இருக்கும், அதில் மாற்றமில்லை. ஆனால் இனிமேல் வருவதற்கு முன் ஒரு போன் செய்துவிட்டு வா.

அம்மா